தண்ணீர்த்தொட்டிக்கு மேலே புதன்

கட்டிங் மாஸ்டரின் சட்டைக் காலரை வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவன் பிடித்தது, அவர் புதன் கிரகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது.

மொட்டைமாடியின் மேற்குச் சுவரில் முழங்கைகளை ஊன்றி, பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி நின்றிருந்தார். சூரியன் மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அடிவானத்தில் ஆரஞ்சு நிறம் இன்னும் வடியவில்லை. பின்னால் தடதடவென்று யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. காயப்போட்ட துணியை எடுக்க வருகிறார்கள் என்று நினைத்து அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கணம் கழுத்து இறுகியது.

"யோவ், என்னய்யா பார்க்கிற? வயசு என்ன ஆச்சு உனக்கு?"

பிடித்தவன் எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருப்பவன். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிறவன் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவன் ஜிம்காரன். அவன் ஒரு கையின் பருமன் மாஸ்டரின் தொடையளவு இருந்தது.

"புதன்... புதனைப் பார்க்கறேன் தம்பி."

"புதனா? எங்க வீட்டு ஜன்னல்ல புதன் தெரியுதா? என் பொண்டாட்டி ஒரு வாரமா சொல்றா, எதிர் மாடியில ஒரு ஆளு கண்ணாடியை வச்சுக்கிட்டு நம்ம வீட்டையே பார்க்கறான்னு. இன்னைக்குக் கையும் களவுமா மாட்டினியா?"

வியாழனையும் வெள்ளியையும் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய மாஸ்டர், அந்த நேரத்தில் "இல்லை" என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் சொல்ல வராமல் நின்றார். அதையும் அவர் சொன்ன விதம், குற்றம் செய்தவன் சொல்கிற மாதிரியேதான் இருந்தது.

மாஸ்டருக்குப் பகலில் வானம் என்று ஒன்று கிடையாது. ஆயத்த ஆடைக் கம்பெனியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான கூடத்தில் அவருக்கு வேலை. மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை அந்தக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கை ஒரு நூல் பிசகினால் போவது ஒரு சட்டையல்ல, அடுக்கில் இருக்கிற அத்தனை சட்டைகளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டி வெட்டி, சாயங்காலம் வெளியே வரும்போது கண்ணுக்குள் ட்யூப்லைட் வெளிச்சம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் மாடிக்குப் போனவர், மேற்கே அக்கம்பக்கமாக இரண்டு வெளிச்சங்களைப் பார்த்தார். விமானம் என்று நினைத்து அவை நகர்வதற்காகக் காத்திருந்தார். அவை நகரவில்லை. கரண்ட் வந்து, மனைவி மூன்று முறை கூப்பிட்டு, சோறு ஆறிப்போன பிறகும் அவர் இறங்கவில்லை. பெரியது வெள்ளி, பக்கத்தில் இருந்தது வியாழன் என்று மறுநாள் தெரிந்துகொண்டார். பழைய சாமான் கடையில் அந்தப் பைனாகுலர் கிடைத்தது அடுத்த மாதம். வியாழனுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக அதன் நிலாக்களை அதில் பார்த்த அன்றைக்கு, அவருக்குப் பைத்தியம் முற்றிவிட்டதாக மனைவி தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி எல்லாம் கைக்கு வந்துவிட்டன. புதன் மட்டும் ஆட்டம் காட்டியது. அது சூரியனை விட்டுத் தள்ளிப் போகாத கிரகம். வருடத்தில் சில முறை, சில நாட்கள் மட்டும், சூரியன் மறைந்த கையோடு மேற்கே தாழ்வாகத் தலைகாட்டிவிட்டுப் பின்னாலேயே மறைந்துவிடும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் மேகம் வந்தால் போச்சு. கம்பெனியில் ஓவர்டைம் வந்தாலும் போச்சு.

"இன்னைக்கு வியாழக்கிழமை. நீங்க இன்னும் புதனையே தேடிக்கிட்டு இருக்கீங்க" என்பாள் மனைவி.

மாஸ்டரின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மேற்கு அடிவானம் முழுவதும் கட்டடங்கள். ஒரே ஒரு இடம்தான் திறந்திருந்தது. எதிர்க் கட்டடத்தின் உச்சியில் உள்ள கறுப்புத் தண்ணீர்த்தொட்டிக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்கு நேர் கீழே, நாலாவது மாடியில், ஜிம்காரன் வீட்டு பால்கனி. வந்த வினை அதுதான்.

அன்றைக்கு மாடியில் கூட்டம் கூடிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். கீழ்வீட்டுப் பெண்கள் படிக்கட்டிலேயே நின்றார்கள். மாஸ்டரின் மனைவி அவர்களை விலக்கிக்கொண்டு வந்தபோது, ஜிம்காரன் காலரை விட்டிருந்தான். ஆனால் பைனாகுலர் அவன் கையில் இருந்தது.

"தம்பி, அவர் கிரகம் பார்க்கிற ஆளு. எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார் செக்ரட்டரி.

"கிரகம் பார்க்கட்டும் சார். யார் வேண்டாம்னா? வானம் மேலதானே இருக்கு? இவர் ஏன் எங்க வீட்டு உயரத்துக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு?"

புதன் தாழ்வாகத்தான் இருக்கும் என்பதை மாஸ்டர் சொல்ல வாயெடுத்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்ததும் அது சாக்குப்போக்கு மாதிரியே அவர் காதுக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில், இனிமேல் அந்தக் கட்டடத்தின் பக்கம் பைனாகுலரைத் திருப்ப மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தார்கள். சொன்னார். ஜிம்காரன் பைனாகுலரைச் சுவர் மேல் வைத்துவிட்டு, "இன்னொரு தடவை பார்த்தேன், பேச்சு கிடையாது. நேரா போலீஸ்தான்" என்று சொல்லி இறங்கிப் போனான்.

அன்று சாப்பிடும்போது மனைவி பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

அவள் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். கேட்காமல் விட்டதுதான் அவரைக் குடைந்தது. அடுத்தடுத்த நாட்களில் படிக்கட்டில் எதிர்ப்பட்ட பெண்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். கீழ்வீட்டுக்காரி தன் மகளை "உள்ள வா" என்று கூப்பிட்ட குரலில் ஒரு அவசரம் இருந்தது. வேலையிலும் கை தடுமாறியது. கத்தி கோட்டை விட்டு விலகப் போன நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, வியர்த்துப்போய் நின்றார்.

நாலைந்து நாள் வானம் மூடியே கிடந்தது. அது ஒரு விதத்தில் நல்லதென்றுகூட அவர் நினைத்தார். பிறகு ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்து, சாயங்காலம் வானம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. புதனுக்கு இன்னும் ஓரிரு நாள்தான். அதற்குப் பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துவிடும்.

போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் அவர் மாடிப்படி ஏறினார். பைனாகுலர் துணிப்பைக்குள் இருந்தது. வெறும் கண்ணால் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாதே. சூரியன் இறங்கியது. வெள்ளி முதலில் வந்தது, நன்றாக மேலே. அதிலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு கண்ணை இறக்கினார். தண்ணீர்த்தொட்டிக்குச் சற்று மேலே, மங்கிய சிவப்பு வெளிச்சத்துக்குள், ஒரு சின்னப் புள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது.

அதுதானா? எந்த நட்சத்திரமும் அங்கே இருக்க வாய்ப்பில்லை. இடத்தைச் சரிபார்த்தார், மறுபடி சரிபார்த்தார். பையிலிருந்து பைனாகுலரை எடுக்காமல், கைகளைச் சுவர் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, அது தொட்டியை நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரே புள்ளி. இத்தனை வருடம் ஏமாற்றிய புள்ளி. அழுகை வரும் போலிருந்தது. கூப்பிட்டுக் காட்ட ஒருவர்கூட இல்லை.

புள்ளி தொட்டியின் பின்னால் போனதும் அவர் கண் தானாகக் கீழே இறங்கியது. நாலாவது மாடி பால்கனியில் வெள்ளையாக என்னவோ அசைந்தது. துணி என்று நினைத்தார். துணி இப்படி மேலே போகாது. கம்பியைத் தாண்டி வந்து கலைந்து, மறுபடி கீழிருந்து கிளம்பியது. புகை.

யாராவது எதையாவது கொளுத்துகிறார்களோ? மாலை வெளிச்சத்தில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் ஒரே வழி. பையின் மேல் கை வைத்தார். கை அங்கேயே நின்றது. எந்தக் கட்டடத்தின் பக்கம் திருப்ப மாட்டேன் என்று சொன்னாரோ, அதே கட்டடம். பார்த்ததை யாராவது பார்த்துவிட்டால்? ஒன்றுமே இல்லையென்றால்? மறுபடி காலர், மறுபடி அந்தக் கூட்டம், மறுபடி மனைவியின் அந்தப் பார்வை. மானம் மொத்தமாகக் கப்பலேறிவிடும்.

புகை இன்னொரு முறை திரண்டு எழுந்தது. அவர் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

பால்கனித் தரையில் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி. சார்ஜர் ஒயர் இன்னும் செருகியிருந்தது. பேட்டரியின் ஓரத்திலிருந்து புகை சீறிக்கொண்டு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பால்கனிக்கு முதுகைக் காட்டி, காதில் ஹெட்போன் மாட்டிய பெண் கம்ப்யூட்டர் முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். அவள் காலருகே தொட்டில்.

"அம்மா! பின்னால பாருங்கம்மா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். தெருவில் பஸ் ஹாரன் அந்தச் சத்தத்தை விழுங்கியது. அவள் கையை ஆட்டி ஆட்டி யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் ஓடினார். தன் வீட்டு வாசலில் நின்று, "தீயணைப்புக்குப் போன் போடு! எதிர் வீடு, நாலாவது மாடி, பேட்டரி புகையுது!" என்று கத்தினார். வெளியே வந்த மனைவி அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தாள்.

"மறுபடியும் அங்கயா பார்த்தீங்க?"

"ஆமா. போன் போடு. குழந்தை இருக்கு உள்ள."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவர் கீழ்ப்படியை அடைவதற்குள் அவள் போனில் விலாசம் சொல்லும் குரல் கேட்டது.

தெருவைக் கடக்கும்போது ஒரு ஆட்டோ அவரை உரசிக்கொண்டு போய்த் திட்டியது. எதிர்க் கட்டடத்தின் நுழைவாயில் மறுபக்கம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பால்கனியும் தெரியாது, புகையும் தெரியாது. வாட்ச்மேன் எழுந்து குறுக்கே நின்றார்.

"சார், நில்லுங்க. உங்களை உள்ள விடக் கூடாதுன்னு நாலாவது மாடிக்காரர் சொல்லியிருக்காரு."

"அவர் வீட்டுலதான்யா பேட்டரி புகையுது!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. இருங்க, அவருக்குப் போன் பண்ணிக் கேட்கறேன்."

வாழ்நாளில் யாரையும் தள்ளியிராத மாஸ்டர், வாட்ச்மேனின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தார். பின்னாலிருந்து "ஓய், ஓய்" என்ற குரல் துரத்திக்கொண்டு வந்தது. முதல் மாடி, இரண்டாவது மாடி. மூன்றாவதில் மூச்சு நெஞ்சைக் கிழித்தது. கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு ஏறினார்.

நாலாவது மாடியில் அழைப்பு மணியை அழுத்தினார். பதில் இல்லை. இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினார். உள்ளே காலடி வந்தது. கதவின் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளை இருண்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல், பயத்தில் மேலே போய்க் கிறீச்சிட்டது.

"நீங்களா? இங்க எதுக்கு வந்தீங்க? என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுவேன். போயிடுங்க!"

"பண்ணுங்கம்மா. முதல்ல பால்கனியைப் பாருங்க. பேட்டரி புகையுது."

"பொய் சொல்றீங்க. கதவைத் திறக்க மாட்டேன். போயிடுங்க சார், ப்ளீஸ்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மாஸ்டர் இன்னும் பலமாகத் தட்டக் கையை ஓங்கியவர், நிறுத்திக்கொண்டார். தட்டத் தட்ட அவள் கதவோடு சேர்ந்து நின்று பூட்டையே பிடித்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குப் புரிந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். வாட்ச்மேன் மேல்மூச்சு வாங்க ஏறி வந்து அவர் தோளைப் பிடித்தார். அவர் உதறவில்லை. துளை வழியாகத் தெரியும்படி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார்.

"நான் கதவுகிட்ட வரலம்மா. இங்கயே நிக்கறேன். வாட்ச்மேன் என்னைப் பிடிச்சிருக்காரு, பாருங்க. நீங்க திறக்கவே வேண்டாம். ஒரே ஒரு தடவை திரும்பி பால்கனியைப் பாருங்க. அது போதும்."

வாட்ச்மேனின் விரல்கள் தோளில் அழுந்தின.

பிறகு உள்ளே அலறல். என்னவோ உருண்டு விழும் சத்தம். தாழ்ப்பாள் ஒன்று, இரண்டு. கதவு பிளந்தது. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, கழுத்தில் ஹெட்போன் ஒயர் தொங்க அவள் வெளியே பாய்ந்தாள். கூடவே மூச்சை அடைக்கும் நெடி. அவள் பின்னால் பால்கனிக் கதவின் கண்ணாடி ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. மாஸ்டர் கதவை இழுத்துச் சாத்தினார்.

"மெயின் சுவிட்சு எங்க இருக்கு?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"கீழ."

"போய் அணைங்க. மத்த வீட்டையெல்லாம் தட்டி இறங்கச் சொல்லுங்க. ஓடுங்க!"

அவர்கள் இரண்டாவது மாடிக்கு வந்தபோது மேலே வெடித்தது. படிக்கட்டே அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் கால் தடுமாறியபோது மாஸ்டர் பிடிக்கக் கை நீட்டினார். பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "கைப்பிடியைப் பிடிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

தீயணைப்பு வண்டி வந்தது, தீ பால்கனியையும் முன்னறையையும் தின்றதோடு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெருவில் நின்ற ஜனங்களின் நடுவே ஜிம்காரன் வியர்வை பனியனோடு ஓடி வந்து மனைவியையும் குழந்தையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். தீயணைப்பு அதிகாரி, "முதல்ல யார் பார்த்தது?" என்று கேட்டார்.

எல்லார் தலையும் மாஸ்டர் பக்கம் திரும்பியது. பைனாகுலர் இன்னும் அவர் கழுத்தில்தான் தொங்கியது.

"நான்தான். எதிர் மாடியிலேர்ந்து பார்த்தேன்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "இதை வச்சுத்தான் பார்த்தேன்" என்று சேர்த்துச் சொன்னார்.

ஜிம்காரன் மனைவிதான் பேசினாள்.

"அதுக்கு முன்னாடி? முன்னாடியும் எங்களைப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா. உங்க தண்ணீர்த்தொட்டிக்கு மேல பார்த்தேன். உங்க வீட்டைப் பார்த்தது இன்னைக்கு ஒரு தடவைதான்."

"எனக்கு எதை நம்பறதுன்னு தெரியல சார். ஆனா என் குழந்தை உயிரோட இருக்கான். அதுக்கு நன்றி" என்றாள். அதில் மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று பட்டது.

தெருவில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று சிலர். பார்த்துக்கொண்டே இருந்ததால்தானே தெரிந்தது என்று சிலர். செக்ரட்டரி அவருக்குச் சால்வை போடலாம் என்றார். மாஸ்டர் வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டு ஒதுங்கினார்.

வீட்டு மராமத்து முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் ஜிம்காரன் மொட்டைமாடிக்கு வந்தான். இந்த முறை மெதுவாக ஏறி வந்தான்.

"அதைக் கொஞ்சம் தர்றீங்களா மாஸ்டர்?"

கொடுத்தார். அவன் வானத்தைப் பார்க்கவில்லை. தன் வீட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அங்கே புதிதாகத் தடித்த திரை தொங்கியது. ஓரத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி.

"திரை இல்லேன்னா எல்லாமே தெரியும், இல்ல?"

"தெரியும் தம்பி."

"நான் கோவப்பட்டது தப்பில்லையே?"

"தப்பில்ல. காலரைப் பிடிச்சதுதான் கொஞ்சம் வலிச்சுது."

ஜிம்காரன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. மாஸ்டரும் அதை எதிர்பார்க்கவில்லை. வியாழன் எங்கே என்று அவன் கேட்டான். காட்டினார். நிலாக்கள் தெரியவேயில்லை என்று சொல்லி, பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழந்தை எழுந்திருக்கும் நேரம் என்று இறங்கிப் போனான். அவன் மனைவி கடைசிவரை மேலே வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

மாஸ்டர் அதற்குப் பிறகு அந்தச் சுவருக்குத் திரும்பவில்லை. கம்பெனி முதலாளியிடம் கேட்டு அங்கே மேல்தளத்துக்குப் போக அனுமதி வாங்கினார். அங்கே மேற்கில் சரக்குக் கிடங்குகளின் தகரக் கூரைகள் மட்டும்தான். யார் வீட்டு ஜன்னலும் கிடையாது. மருந்துக்கடை வேலை முடிந்ததும் அவர் மனைவி சில நாள் நேராக அங்கே வந்துவிடுவாள். முதல் நாள் வந்தபோது அவள் தயங்கி நின்றாள்.

"அன்னைக்குச் சாப்பிடும்போது ஒண்ணு கேட்க வந்தேன்ல?"

"ம்."

"கேட்காம இருந்ததுதான் தப்பு. கேட்டிருக்கணும்."

"இப்பக் கேளு."

"இப்ப எதுக்கு?" என்று அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "நகருங்க. அந்தப் பக்கம் மினுக்குமினுக்குன்னு ஒண்ணு போகுதே, அது என்ன?"

"விமானம்."

"சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாமே தெரியுமாக்கும்" என்று சொல்லி, அவள் பைனாகுலரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.